எம்.ஐ என்பது ஒரு மனிதனின் பெயர்

தென்சூடானில் தொண்டு நிறுவனமொன்றில் வேலை செய்யும் மச்சான் கடந்த மாதம் ஒரு சிறிய காணொளி அனுப்பியிருந்தார். வெள்ளை நிற ஹெலி ஒன்று செம்மண் தரையில் இறங்குகிறது. புழுதி அடங்கியதும் பின்கதவு திறக்கிறது. ஆட்கள் வரிசையாக நின்று மூட்டைகளை இறக்குகிறார்கள். பக்கவாட்டில் பெரிய கறுப்பு எழுத்தில் ஐ.நா. என்று இருக்கிறது. நான் விறாந்தையில் இருந்து சத்தத்தோடு அதைப் போட்டுப் பார்த்தேன். குசினிக்குள் நின்ற அம்மா கையைக்கூடத் துடைக்காமல் முற்றத்துக்கு ஓடிவந்து, பலா மரத்துக்கு மேலே வானத்தைப் பார்த்தார். போனில்தான் சத்தம் என்று நான் சொன்ன பிறகும் அவர் உடனே உள்ளே போகவில்லை.

காணொளிக்குக் கீழே மச்சான் ஒரு கேள்வி எழுதியிருந்தார். இது எங்கட ஊருக்கு வந்ததன் இனமோ என்று. அதே குடும்பம்தான். எம்.ஐ.8 வகை. மூக்கைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பதில் அனுப்பிவிட்டு அன்றிரவு இதை முதலில் யோசித்தவன் யார் என்று தேடத் தொடங்கினேன். இத்தனை வருடமாக ஏன் இந்தக் கேள்வி வரவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

எம்.ஐ.17, எம்.ஐ.24 என்று பத்திரிகைகளில் வாசித்திருக்கிறோம், வானொலியில் கேட்டிருக்கிறோம். ஏதோ இராணுவச் சுருக்கெழுத்து என்றே நான் நினைத்திருந்தேன். அது சுருக்கெழுத்து அல்ல. ரஷ்ய மொழியில் அதை ‘மி’ என்று சேர்த்தே வாசிக்கிறார்கள். மிகைல் லியோன்ரியேவிச் மில் என்ற பொறியியலாளரின் குடும்பப் பெயரின் முன்பாதி அது. வடிவமைத்தவரின் பெயரை வானூர்திக்கு வைப்பது சோவியத் ஒன்றியத்தின் வழக்கம். பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே பறந்த அன்ரனோவ் ஒரு மனிதர். மிக்கோயன், குரேவிச் என்ற இருவரின் பெயர்கள் சேர்ந்ததுதான் ‘மிக்’. எங்கள் தலைக்கு மேலால் போனவை பலவற்றிலும் யாரோ ஒருவரின் குடும்பப் பெயர் ஒட்டியிருந்திருக்கிறது.

மில் 1909 நவம்பர் 22 அன்று சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரில் பிறந்தார். யூதக் குடும்பம். தந்தை புகையிரதத் திணைக்கள ஊழியர், தாய் பல் வைத்தியர். யூதக் குடும்பமொன்று அவ்வளவு தூரம் சைபீரியாவுக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் பேரனார் சாமுவேல் மில். இன்றைய லற்வியாவின் கரையோர நகரமான லிபாவாவைச் சேர்ந்தவர் அவர். சார் மன்னன் முதலாம் நிக்கலஸ் காலத்தில், 1827இல், யூதச் சமூகங்களிடமிருந்து சிறுவர்களைப் படைக்கு எடுக்கும் சட்டம் வந்தது. பன்னிரண்டு வயதுப் பையன்களும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். சிறுவர் படைப்பிரிவுகளில் வளர்த்து, பதினெட்டு வயதிலிருந்து 25 வருடச் சேவையைக் கணக்கெடுப்பார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் சாமுவேல். கடற்படையில் 25 வருடத்தையும் முடித்துவிட்டுத்தான் சைபீரியாவில் குடியேறினார்.

இந்த இடத்தில் நான் வாசிப்பதைச் சற்று நிறுத்தினேன். வீட்டிலிருந்து பிள்ளைகள் பிடித்துச் செல்லப்பட்ட கதை வன்னியில் இருந்த எவருக்கும் விளக்கம் வேண்டாத கதை. அதைத் தாண்டி வந்த ஒரு குடும்பத்தின் பேரன்தான் நான் தேடிய ஆள் என்பது நான் எதிர்பார்க்காதது.

பன்னிரண்டு வயதில் மில் செய்த ஒரு விமான மாதிரி நொவோசிபிர்ஸ்க் நகரில் நடந்த போட்டியில் பரிசு பெற்றது. 1926இல் ரொம்ஸ்க் நகரிலுள்ள தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே விமானவியல் கிடையாது. அதைவிடப் பெரிய தடை ஒன்றும் வந்தது. தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை அல்ல, உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை என்ற காரணத்தைச் சொல்லி அவரை வெளியேற்றினார்கள். புரட்சிக்குப் பிந்திய ரஷ்யாவில் பல்கலைக்கழகக் கதவுகள் அந்தக் கணக்கில்தான் திறந்து மூடின. தரப்படுத்தல் வந்தபோது புள்ளியிருந்தும் வீட்டில் இருந்த எங்கள் தகப்பன்மாரின் தலைமுறைக்கு, பிறப்பைப் பார்த்து இடம் கொடுப்பது என்றால் என்னவென்று தெரியும். மில் ஒரு ஆய்வுகூடத்தில் உதவியாளராக வேலை செய்து காலத்தைக் கடத்தினார். 1928இல் தெற்கே தொன் நதிப் பக்கம் நொவோசெர்காஸ்க் நகரிலிருந்த பல்தொழில்நுட்ப நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே விமானவியல் இருந்தது. 1931இல் பட்டம் பெற்றார். அடுத்த வருடம் கூடப்படித்தவரையே கலியாணம் செய்தார். பிற்காலத்தில் நான்கு பெண்பிள்ளைகளும் ஒரு பையனும்.

அந்த நாட்களில் உலகில் ஒழுங்காகப் பறக்கும் ஹெலிகொப்டர் என்று ஒன்று இல்லை. ஓட்டோஜைரோ என்ற ஒன்றுதான் இருந்தது. ஸ்பானியரான குவான் டி லா சியேர்வா 1923இல் பறக்கவிட்டது. முன்னால் சாதாரண விமானம் போல ஒரு விசிறி இழுக்கும், தலைக்கு மேலே இருக்கும் பெரிய விசிறிக்கு இயந்திரத் தொடர்பு இல்லை, காற்று பட்டுத் தானாகச் சுற்றும். சியேர்வா தீர்த்துவைத்த சிக்கல்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வழி திறந்தது. மேலே சுற்றும் விசிறியோடு ஒரு வானூர்தி முன்னே போகும்போது, ஒரு பக்கத்துத் தகடு எதிர்க்காற்றுக்குள் போகிறது, மற்றப் பக்கத்துத் தகடு காற்றோடு பின்னால் போகிறது. ஒரு பக்கம் கூடத் தூக்கும், மறுபக்கம் குறையத் தூக்கும். அப்படியே விட்டால் வானூர்தி ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடும். தகடுகளை விறைப்பாகப் பூட்டாமல், கதவுப் பிணைச்சல் மாதிரி மேலும் கீழும் அசையவிட்டால் அந்த வித்தியாசம் சமப்பட்டுவிடும் என்று சியேர்வா கண்டார். பறவை இறக்கை மடிவது போலத்தான்.

சோவியத்தின் முதல் ஓட்டோஜைரோவை 1929இல் செய்தவர்களில் ஒருவர் நிக்கொலாய் கமோவ். அவரும் இர்குட்ஸ்கில் பிறந்தவர், மில்லைவிட ஏழு வயது மூத்தவர். ரஷ்ய ஹெலிகொப்டர்கள் என்றால் இன்றைக்கும் இரண்டு பெயர்கள்தான், மில், கமோவ். இரண்டும் ஒரே ஊர். மில் மாணவனாக இருக்கும்போதே கமோவின் வேலையில் போய் ஒட்டிக்கொண்டார். படிப்பு முடிந்ததும் மொஸ்கோவிலிருந்த மத்திய விமானவியல் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து ஓட்டோஜைரோக்களின் கணக்குகளில் மூழ்கினார். பின்னர் ஓட்டோஜைரோத் தொழிற்சாலையில் கமோவுக்கு உதவியாளராகவும் இருந்தார்.

1941இல் ஜேர்மன் படை உள்ளே வந்தது. ஐந்து ஓட்டோஜைரோக்களைக் கொண்ட சிறிய அணி ஒன்று ஸ்மொலென்ஸ்க் பக்கம் யெல்னியாப் போர்முனைக்கு அனுப்பப்பட்டது. அதற்குப் பொறியியலாளராகப் போனவர் மில். இரவில் எதிரியின் பகுதிக்கு மேலால் பறந்து துண்டுப்பிரசுரம் போடுவது அவற்றின் முக்கிய வேலையாக இருந்தது. துண்டுப்பிரசுரம் விழுந்தால் அடுத்து என்ன விழும் என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். மில்லின் கதையில் அது அவ்வளவோடு நின்றது. தொழிற்சாலை ஊரல் மலைப் பக்கம் பிலிம்பாய்க்கு இடம்பெயர்ந்தது. குடும்பமும் இடம்பெயர்ந்தது. 1943இல் மொஸ்கோ ஆய்வு நிறுவனத்துக்குத் திரும்பி, அந்த வருடமே முதலாவது ஆய்வுப் பட்டத்தையும் 1945இல் கலாநிதிப் பட்டத்தையும் முடித்தார். ஆய்வின் பொருள், சுழல்விசிறி வானூர்தி ஒன்று ஏன் தடுமாறுகிறது, அதை எப்படி நிலைப்படுத்துவது என்பது. யுத்தத்துக்கு நடுவில் ஒருவர் இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பார்க்கக் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கிறது.

அதற்குள் அமெரிக்காவில் இகோர் சிகோர்ஸ்கி ஹெலிகொப்டரைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கியிருந்தார். அவரும் பழைய ரஷ்யப் பேரரசின் ஆள், கியேவில் பிறந்து புரட்சிக்குப் பின் வெளியேறியவர். சோவியத் அரசு விழித்துக்கொண்டது. 1947 டிசெம்பர் 12 அன்று மில்லின் தலைமையில் தனியான வடிவமைப்புப் பணியகம் உருவானது. அப்போது அவருக்கு 38 வயது. கையில் பெரிய தொழிற்சாலை இல்லை. முதல் வேலை மூன்று பேர் போகக்கூடிய சிறிய ஹெலி, பிறகு எம்.ஐ.1 என்று பெயர் பெற்றது. 1948 செப்டெம்பர் 20 அன்று அது முதன்முதலில் எழும்பியது.

ஓட்டியவர் மத்வேய் பைக்காலொவ். அந்த முதலாவது ஹெலி நீண்ட நாள் நிலைக்கவில்லை. மிக உயரத்தில் சோதித்தபோது குளிரில் மசகு எண்ணெய் இறுகிக் கட்டுப்பாடு போனது. பைக்காலொவ் பரசூட்டில் குதித்துத் தப்பினார். அடுத்த ஹெலியிலும் அவரே ஏறினார். 1949 மார்ச்சில் வால் விசிறிக்குப் போகும் தண்டு உடைந்தது. ஒட்டுவேலையில் இருந்த குறைபாடு. இம்முறை அவர் தப்பவில்லை.

ஹெலிகொப்டரின் வாலில் சுற்றும் சின்ன விசிறியைப் பலர் அலங்காரம் மாதிரி நினைக்கிறார்கள். மேலே பெரிய விசிறி ஒரு திசையில் சுற்றினால் உடம்பு எதிர்த்திசையில் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சின்ன விசிறிதான். அது நின்றால் வானூர்தி பம்பரமாகிவிடும். ஒரு ஒட்டின் பிழை ஒரு மனிதனின் உயிர். மில்லின் பணியகம் அன்று மூடப்பட்டிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். யாக்கொவ்லெவ் போன்ற பெரிய பெயர்கள் போட்டிக்கு நின்றன. ஆனால் மூன்றாவது ஹெலி சோதனைகளைத் தாண்டியது. 1950இல் உற்பத்திக்கு அனுமதி வந்தது, முதலில் வெறும் 15. படையினருக்கு இந்தப் பொருளில் அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை.

நம்பிக்கையை வரவைத்தது கொரிய யுத்தம். அங்கே அமெரிக்கர்கள் ஹெலிகளில் காயக்காரரைத் தூக்கிச் சென்றார்கள், படையினரை மலையுச்சியில் இறக்கினார்கள். 1951 இலையுதிர்காலத்தில் ஸ்டாலின் வடிவமைப்பாளர்களைக் கிரெம்ளினுக்கு அழைத்தார். பெரிய போக்குவரத்து ஹெலி வேண்டும், ஒரு வருடத்துக்குள் வேண்டும். பழம் தின்று கொட்டை போட்ட வடிவமைப்பாளர்களே அந்தக் காலக்கெடுவைக் கேட்டுத் தயங்கினார்கள். ஏற்றுக்கொண்டவர்கள் மில்லும் யாக்கொவ்லெவும். முடியவில்லையென்றால் என்ன நடக்கும் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். 1952 நடுப்பகுதியில் எம்.ஐ.4 பறந்தது. மூவாயிரத்துக்கு மேல் செய்தார்கள். 1958 பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. இந்திய விமானப்படையும் வாங்கியது.

அதன் பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1957இல் எம்.ஐ.6. அதன் மேல்விசிறியின் விட்டம் 35 மீற்றர், பள்ளிக்கூட வலைப்பந்தாட்டத் திடலின் நீளத்தைவிடக் கூட. பன்னிரண்டு தொன் தூக்கும். சைபீரியாவின் சதுப்பு நிலங்களில் எண்ணெய் தோண்டும் பொறிகளைப் பாதையே இல்லாத இடங்களுக்குக் கொண்டுபோனது அதுதான். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதற்காக, பனிப்போர் உச்சத்தில் இருந்த 1961இல், அமெரிக்க ஹெலிகொப்டர் சங்கம் சிகோர்ஸ்கியின் பெயரிலான பரிசை மில்லின் பணியகத்துக்குக் கொடுத்தது. சிறிய எம்.ஐ.2 போலந்தில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது.

எம்.ஐ.8 பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். புதிய ஹெலி ஒன்றுக்கு மேலிடத்தில் விருப்பம் இருக்கவில்லை. எம்.ஐ.4 நன்றாகத்தானே ஓடுகிறது என்ற எண்ணம். மில் அதைப் புதிய ஹெலி என்று கேட்கவில்லை. எம்.ஐ.4இன் திருத்தப் பதிப்பு, இயந்திரத்தை மட்டும் மாற்றப்போகிறோம் என்று சொல்லி அனுமதி வாங்கினார். உண்மையில் செய்தது முற்றிலும் புதியது. இயந்திரங்களைத் தலைக்கு மேலே ஏற்றியதால் கீழே முழு இடமும் ஆட்களுக்குக் கிடைத்தது. 1961இல் ஒற்றை இயந்திரத்தோடு பறந்தது, அடுத்த வருடம் இரட்டை இயந்திரத்தோடு. ஒன்று நின்றாலும் மற்றது தாங்கும். நான்கு தகடுகள் ஐந்தாகின. 24 படையினர், இல்லையென்றால் 12 காயக்காரர் படுக்கையில். இன்றுவரை பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கின்றன, இன்னும் செய்கிறார்கள். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, திறந்து கிடந்த உலைக்கு நேர் மேலே போய் மணலும் ஈயமும் கொட்டியவற்றில் எம்.ஐ.8களும் இருந்தன. அந்த ஒக்டோபரில் ஒன்று பாரந்தூக்கியின் கம்பியில் அடிபட்டு விழுந்து உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். மச்சான் அனுப்பிய காணொளியில் மூட்டை இறக்கியதும் இந்த இனம்தான்.

இனி எம்.ஐ.24. உண்மையைச் சொன்னால், நான் தேடத் தொடங்கியதே இந்த இடத்துக்காகத்தான். எனக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. காயக்காரரையும் சரக்கையும் தூக்க நினைத்த ஒரு பொறியியலாளரைத் தளபதிகள் வற்புறுத்தியிருப்பார்கள், அவர் வேறு வழியில்லாமல் செய்திருப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி இருந்திருந்தால் எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்திருக்கும்.

அது மறுபக்கமாக நடந்திருக்கிறது. தாக்குதல் ஹெலி என்ற எண்ணம் மில்லுடையது. அறுபதுகளில் வியட்னாமில் அமெரிக்கர்கள் ஹியூ ஹெலிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர் கவனித்துக்கொண்டிருந்தார். காலாட்படையைக் கவச வண்டியில் ஏற்றிப் போவது போல, ஒரு சிறு அணியை ஏற்றிப் பறந்து, தானே ரொக்கெற்றும் துப்பாக்கியும் அடித்து, இறக்கிவிட்டு வரும் ஒன்று வேண்டும் என்பது அவருடைய யோசனை. 1966இல் அதன் முழு அளவு மாதிரி ஒன்றைத் தன் பணியகத்தில் செய்து வைத்தார். எதிர்த்தது இராணுவம். பாதுகாப்பு அமைச்சர் மலினொவ்ஸ்கிக்கு அதில் விருப்பமில்லை. தாங்கிகளும் பீரங்கிகளும் இருக்கும்போது இது எதற்கு என்று பல தளபதிகள் நினைத்தார்கள். மில் விடவில்லை. அமைச்சுக்கு அமைச்சு, கூட்டத்துக்குக் கூட்டம் போய் வாதாடினார். மலினொவ்ஸ்கியின் பிரதியாக இருந்த கிரெச்கோவின் ஆதரவு கிடைத்தது. 1967இல் மலினொவ்ஸ்கி இறந்து கிரெச்கோ அமைச்சரானார். 1968 மே மாதம் அரச கட்டளை வந்தது. வெறும் பதினாறு மாதத்தில், 1969 செப்டெம்பரில், எம்.ஐ.24 தரையை விட்டு எழும்பியது.

அவ்வளவு விரைவாகச் செய்ய முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. மேல்விசிறியின் பொறிமுறை உட்பட முக்கிய பாகங்களை எம்.ஐ.8 குடும்பத்திலிருந்தே எடுத்தார்கள். பிற்பாடு எம்.ஐ.24இன் இயந்திரத்தைத் திரும்ப எம்.ஐ.8க்குப் பூட்டியபோது அது எம்.ஐ.17 ஆனது. பன்னிரண்டு காயக்காரரைத் தூக்குவதும் 128 ரொக்கெற்றுகளைத் தூக்குவதும் உள்ளே ஒரே எலும்பு. மச்சானின் காணொளியைக் கேட்டு அம்மா முற்றத்துக்கு ஓடிவந்ததில் பிழை இல்லை. காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

மில்லை இதற்காக எப்படி எடுத்துக்கொள்வது என்று பல நாள் யோசித்தேன். அவருடைய நாட்டில் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற ஒரு யுத்தத்தைப் பார்த்தவர். நாடு காப்பதற்கான ஆயுதம் என்றே நினைத்திருப்பார். அதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் மன்னிப்புக்கு இடம் தேடி அவர் வாழ்க்கையை வாசித்த எனக்கு, தாக்குதல் ஹெலி அவர் தலையில் கட்டப்பட்டது அல்ல, அவர் போராடிப் பெற்றது என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. பேரனாரின் கதையையும் ரொம்ஸ்க் கதவு மூடியதையும் நான் மேலே சொன்னதும் இதைக் குறைப்பதற்காக அல்ல. இரண்டும் ஒரே மனிதனின் வாழ்க்கையில் இருந்தன.

அவர் கடைசியாகப் பார்த்த இன்னொரு வெற்றி எம்.ஐ.12. உலகில் இதுவரை செய்யப்பட்டவற்றில் மிகப் பெரிய ஹெலிகொப்டர். இறக்கை போன்ற இரண்டு கைகளின் முனைகளில் எம்.ஐ.6இன் விசிறிகள் இரண்டு. 1969 ஓகஸ்ட் 6 அன்று 44 தொன்னுக்கு மேற்பட்ட சுமையோடு இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் ஏறியது. அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. ஆனால் இரண்டே இரண்டுதான் செய்தார்கள், ஒன்று மொஸ்கோவுக்கு அருகே மொனினோ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அது 1971இல் பாரிஸ் விமானக் கண்காட்சியில் எல்லோரையும் வாய் பிளக்க வைத்தபோது மில் உயிரோடு இல்லை. 1970 ஜனவரி 31 அன்று, அறுபது வயதில், மொஸ்கோவில் இறந்தார். எம்.ஐ.24 பறக்கத் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அது ஒரு யுத்தத்தில் சுட்டதை அவர் காணவில்லை. எழுபதுகளின் இறுதியில் எதியோப்பியாவின் ஒகடென் பாலைநிலம், பிறகு பத்து வருடம் ஆப்கானிஸ்தான். அங்கே கிராமங்களுக்கு மேல் அது என்ன செய்தது என்பதை ஆப்கான் அகதிகள் உலகம் முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்களிடம் அது வந்த வழி வேறு. எண்பதுகளில் யாழ்ப்பாணத்துக்கு மேல் பறந்த முதல் ஹெலிகள் ரஷ்யாவினுடையவை அல்ல. அவை அமெரிக்க பெல் வகை. மில் வியட்னாமில் கவனித்த அதே ஹியூவின் நெருங்கிய உறவு பெல் 212. இரண்டு தகடு மட்டும் உள்ள விசிறி, ஆகவே தூரத்திலேயே டப டப என்று தனித்தனியாக அடிக்கும் சத்தம். எம்.ஐ வகையில் ஐந்து தகடு. அடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிய ஆலை ஒன்று நெருங்கிவருவது போல ஒரே இரைச்சலாகக் கேட்கும். அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. சகடை, பொம்மர், கிபிர், வண்டு, ஹெலி எல்லாவற்றையும் சத்தத்தில் பிரித்துச் சொல்லுவார். ஹெலியிலும் இரண்டு சாதி இருக்கு என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவரும் அவர்தான். இப்போது அந்த வித்தியாசத்தின் காரணத்தைத் தெரிந்துகொண்டு சொல்லலாம் என்றால் அவர் இல்லை.

மில்லின் வானூர்திகள் யாழ்ப்பாணத்தின் யுத்தத்துக்குள் இறங்கியது 1987 ஒக்டோபர் 11 இரவு என்று சொல்லலாம். இந்திய விமானப்படையின் எம்.ஐ.8கள் யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் படையினரை இறக்கின. அவர்களில் பலர் உயிரோடு திரும்பவில்லை. தொடர்ந்து எம்.ஐ.25களும் வந்தன. அது எம்.ஐ.24 வெளிநாடுகளுக்கு விற்கப்பட்டபோது வைத்த பெயர். 1993இல் இலங்கை விமானப்படை எம்.ஐ.17ஐ வாங்கியது. 1995இல் எம்.ஐ.24 வந்தது, ஹிங்குராக்கொடையில் தனி அணி அமைத்தார்கள். யாழ்ப்பாணத்தை விட்டு ஐந்து லட்சம் சனம் இடம்பெயர்ந்த அதே மாதங்கள். புலிகளின் ஏவுகணைகளால் சில விழுத்தப்பட்டன. உள்ளே இருந்தவர்களுக்கும் தாய்மார் இருந்திருப்பார்கள்.

வன்னியில் ஒரு மாரி இரவை எனக்கு நினைவிருக்கிறது. பங்கருக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வெளியே அந்த ஐந்து தகட்டு இரைச்சல் ஒரே இடத்தில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வளவுக்காரர் மாட்டை அவிழ்த்துவிடப் போனவர் திரும்பி வரவில்லை. விடிந்த பிறகு மாடு மட்டும் எங்கள் வேலியோரம் நின்றது. இதற்கு மேல் அந்த இரவைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் வராது.

அம்மாவின் தங்கை கல்முனைப் பக்கம் கலியாணம் செய்து போனவர். 2004 டிசெம்பரில் கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனது. உயிர் தப்பியவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு எம்.ஐ.17 மைதானத்தில் இறங்கியது. சின்னம்மா தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வகுப்பறைச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தாராம். கனநேரம் கழித்து, மற்றவர்கள் வரிசையில் நிற்பதைக் கண்டு, மெல்லப் போய் அவரும் ஒரு பொதி வாங்கினார். போன கிழமை தொலைபேசியில் பேசும்போது இதை அவரிடம் திரும்பவும் கேட்டேன். பொதிக்குள் என்ன இருந்தது என்றும் கேட்டேன். பிஸ்கட்டும் இரண்டு தண்ணீர்ப் போத்தலும் என்றார்.